அப்புவின் பித்தளை லொக்: கயிறு முறுகுது, கணக்கும் குறையுது

ஊறணிக்காற்று எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். வல்வெட்டித்துறையில் இருந்து எழுதுகிறேன். என்னிடம் 18 அடி பைபர் போட் ஒன்று இருக்கிறது. தொழிலுக்கு இல்லை, சனி ஞாயிறுகளில் பாய் விரித்து ஓடத்தான். சவுக்கந்தடியில் பாய்மரம், தறப்பாளில் பாய். கரையில் நிற்பவர்கள் சிரிப்பார்கள், ஆனால் ஓடும்.

போன தை மாதம் அம்மம்மா வீட்டு றங்குப்பெட்டியைக் கிளறியபோது அடியில் ஒரு மரப்பெட்டி அகப்பட்டது. அம்மாவின் அப்பா, நாங்கள் அப்பு என்போம், கப்பலில் வேலை செய்தவர். அவருடைய சாமான். திறந்தால் பச்சைத் துணியில் சுற்றி மூன்று பொருள். ஒன்று, மணிக்கூட்டு முகம் வைத்த கனமான பித்தளை உருளை. முகத்தில் வோக்கர், எக்செல்சியர் 4 என்று ஆங்கிலத்தில் இருக்கிறது. மற்றது, கறுப்புப் பூச்சு அடித்த சுழலி. மீன் மாதிரி நீட்டு உடம்பு, அதில் முறுக்கி வைத்த நான்கு சிறகு. மூன்றாவது ஒரு காலத்தில் கயிறாக இருந்திருக்க வேண்டும். தொட்டதும் உமி மாதிரிக் கொட்டிவிட்டது.

இதற்கு லொக் (log) என்று பெயர், போட்டின் பின்னால் சுழலியை இழுத்துக்கொண்டு போனால், எத்தனை கடல்மைல் ஓடினோம் என்று மணிக்கூடு காட்டும் என்பது இணையத்தில் தேடி விளங்கியது. சரி, ஓட்டிப் பார்ப்போம் என்று பின்பலகையில் ஒரு கட்டையை அடித்து மணிக்கூட்டைப் பூட்டினேன். முள் இறுக்கமாக இருந்ததால் எண்ணெய்த் துளைக்குள் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் விட்டேன். பெரியகடையில் 6 மில்லிமீற்றர் முறுக்கு நைலோன் கயிறு வாங்கி நாலு பாகம் (ஒரு பாகம் ஆறு அடி) கட்டினேன்.

இங்கிருந்து பருத்தித்துறை வெளிச்சவீட்டுப் பக்கம் ஓடினேன். போன் 5.1 கடல்மைல் என்றது. லொக் 3.2 என்றது. இரண்டில் ஒன்று பொய்.

அதைவிடப் பெரிய கூத்து கயிறு. போகப் போக அதில் சுருக்கு விழுந்து, சுருக்கின்மேல் சுருக்கு ஏறி, பாதித் தூரத்தில் பார்த்தால் முறுக்குப் பிழிந்த மாதிரி நின்றது. உள்ளே இழுத்து எடுத்தபோது போட்டுக்குள் கிடந்தபடியே துள்ளி என் கணுக்காலைச் சுற்றியது. பாம்பைப் பிடித்தவன் மாதிரி நின்றேன்.

கேள்வி இதுதான். எந்தக் கயிறு, எவ்வளவு நீளம்? எண்ணெய் சரியா? இவ்வளவும் செய்தால் இந்தச் சாமானை நம்பலாமா, அல்லது துடைத்து அலுமாரிக்குள் வைப்பதா? அப்பு போய் இருபது வருடமாகிறது. கேட்க வீட்டில் ஆள் இல்லை.

---

மயிலிட்டிப் போட் எழுதியது:

அண்ணை, போனில் வேகம் தெரிகிறதே, பிறகு என்னத்துக்கு இந்தப் பாடு? எங்கள் ஆட்கள் என்ஜின் சத்தத்தை வைத்தே எத்தனை நொட், அதாவது மணிக்கு எத்தனை கடல்மைல், ஓடுது என்று சொல்லுவார்கள்.

முறுகாமல் இருக்கத்தான் வேண்டும் என்றால் தூண்டில் கயிற்றில் போடுகிற சுழல் வளையம் ஒன்றைக் கயிற்றின் நடுவில் போடுங்கோ. பிறகு முறுகவே முறுகாது.

ஒன்று மட்டும் கவனம். இரவில் விட்ட வலைகள் விடிய எடுக்கும்வரை வெளியில் கிடக்கும். உங்கள் சுழலி என் வலைக்குள் வந்தால் சுழலியும் போச்சு, வலையும் போச்சு.

---

பழைய சுக்கானி எழுதியது:

ஊறணித் தம்பி, சாமான் பழுதில்லை. கயிறுதான் பிழை. கயிற்றுக்கு அடுத்தது எண்ணெய்.

முதலில் மயிலிட்டித் தம்பி சொன்ன சுழல் வளையத்தைப் போட்டுவிடாதீர்கள். அவர் சொன்னது சரி, கயிறு முறுகாது. லொக்கும் ஓடாது. சைக்கிளில் மிதியின் சுற்றைச் சில்லுக்குக் கொண்டுபோவது செயின். இங்கே சுழலியின் சுற்றை மணிக்கூட்டுக்குக் கொண்டுவருவது கயிறு. தண்ணீரில் சுழலி ஒருதரம் சுற்றினால் கயிறு முழுவதும் ஒருதரம் சுற்றி, மணிக்கூட்டின் அச்சையும் சுற்றவேண்டும். உள்ளே இருக்கும் பற்சில்லுகள் அந்தச் சுற்றை எண்ணி மைலாக்குகின்றன. நடுவில் சுழல் வளையம் போட்டால், செயினைக் கழற்றிவிட்டு மிதிக்கிற கதைதான்.

இப்போது உங்கள் முறுக்குக் கயிறு. மூன்று புரியை ஒரே பக்கமாக முறுக்கித்தான் அதைச் செய்கிறார்கள். சுழலி சுற்றும்போது அந்த முறுக்கு ஒன்றில் இறுகும், அல்லது அவிழும். எப்படியோ, சுற்றில் ஒரு பங்கைக் கயிறே தின்றுவிடும். மிச்சம்தான் மணிக்கூட்டுக்கு வரும். நீங்கள் கண்ட சுருக்கு எல்லாம் எண்ணப்படாமல் போன சுற்றுகள். லொக்குக்குப் பின்னல் கயிறு வேண்டும். நாங்கள் கப்பலில் பாவித்தது வெள்ளைப் பருத்திப் பின்னல், இறுக்கமானது. பின்னலுக்கு வலமும் இல்லை இடமும் இல்லை, எந்தப் பக்கம் சுற்றினாலும் ஒன்றுதான்.

நாலு பாகம் காணாது. போட் கிழித்துவிட்ட நுரைக்குள்ளேயே சுழலி ஓடும், அலை தூக்கினால் வெளியே துள்ளும். துள்ளுகிற நேரம் எண்ணிக்கை இல்லை. பத்துப் பாகத்தில் தொடங்குங்கள். பிறகு ஒரு பாகம் கூட்டியும் குறைத்தும் பார்க்கலாம். 14 நொட் ஓடும் கப்பலில் நாங்கள் ஐம்பது பாகத்துக்கு மேல் விடுவோம். ஆனால் உங்கள் போட்டில் காற்று விழுந்து இரண்டு நொட்டுக்குக் கீழே போய்விட்டால் எந்தக் கயிறும் சரிவராது. சுழலி பின்னால் வராமல் கீழே தொங்கும். அந்த நேரத்துக் கணக்கை நம்பவேண்டாம்.

தேங்காய் எண்ணெய்! தம்பி, தை மாத விடியலில் உங்கள் குசினிப் போத்தலைப் பார்க்கவில்லையா? வெள்ளையாக உறைந்து நிற்குமே. உறையாவிட்டாலும் நாள் போகப் பிசினாகிவிடும். மண்ணெண்ணெய் விட்டு, அச்சைக் கையால் சுற்றிச் சுற்றிக் கழுவுங்கள். ஊத்தை வராமல் தெளிவாக வரும்வரை இரண்டு மூன்று தரம். காய்ந்தபிறகு தையல் மெசின் எண்ணெய் நாலு சொட்டு. ஓடும் நாளில் காலையில் இரண்டு சொட்டு. அவ்வளவுதான்.

இனிக் கயிறு உங்கள் காலைச் சுற்றிய கதை. அதைக் கேட்டு எனக்குச் சிரிப்பு வந்தது, ஏனென்றால் அது எனக்கும் நடந்தது. எழுபதுகளில் என் முதல் கப்பல், எனக்கு வயது 19. ஒரு நாள் மத்தியானம் பின்தளத்துக்குப் போய் லொக்கை உள்ளே எடு என்றார்கள். நான் என்ன செய்தேன்? மணிக்கூட்டில் கொழுவிய கொக்கியைக் கழற்றாமல், கிணற்றில் தண்ணீர் அள்ளுகிற மாதிரிக் கயிற்றைப் பிடித்து இழுக்கத் தொடங்கினேன். கப்பல் ஓடிக்கொண்டுதானே இருக்கிறது, சுழலியும் சுற்றிக்கொண்டுதானே வரும்? நான் உள்ளே எடுத்த ஒவ்வொரு பாகத்துக்குள்ளும் அந்தச் சுற்று ஏறியது. சுழலி தளத்துக்கு வந்து சேர்ந்தபோது என் முன்னால் கயிறு இல்லை, ஒரு பெரிய வெள்ளைத் தூக்கணாங்குருவிக் கூடு கிடந்தது. பெரியவர் ஒருவர் வந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. எனக்குப் பக்கத்தில் ஒரு வாளியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார், இருந்து அவிழ் என்று அர்த்தம். பின்னேரத் தேநீரும் போய், பொழுதும் பட்டுவிட்டது.

எடுக்கிற முறை வேறு. முதலில் மணிக்கூட்டு முனையில் கொக்கியைக் கழற்றுங்கள். கழற்றிய முனையைக் கையை விட்டுவிடாமல் போட்டின் மற்றப் பக்கத்தால் கடலுக்குள் விட்டுக்கொண்டே போங்கள். அதே நேரம் இந்தப் பக்கத்தால் சுழலியை இழுங்கள். ஒரு கை உள்ளே எடுத்தால் ஒரு கை வெளியே போகும். சுழலி கைக்கு வரும்போது கயிறு முழுவதும் தலைமாறிப் பின்னால் நீட்டாக ஓடும், முனை சும்மா கிடக்கும். அந்தச் சும்மா கிடக்கிற முனைதான் இரகசியம். ஏறிய முறுக்கு எல்லாம் அதன் வழியே தானாக அவிழ்ந்துவிடும். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, சுழலிப் பக்கத்தில் இருந்து எடுத்து வட்டமாகச் சுற்றிவைக்கலாம்.

விடும்போது இதற்கு நேர்மாறு. கொக்கியை முதலில் மணிக்கூட்டில் கொழுவுங்கள். கயிற்றின் நடுப்பகுதியை வளைவாகக் கடலில் விடுங்கள். சுழலி கடைசி. வீசவேண்டாம், இறக்கிவிடுங்கள்.

கறுப்புப் பூச்சைச் சுரண்டிப் பளபளப்பாக்கவேண்டாம். பித்தளை தண்ணீரில் மின்னினால் பெரிய மீன் அதை இரை என்று நினைத்து வெட்டும். அரபிக்கடலில் ஒருதரம் முள் நின்றுவிட்டது என்று போய்ப் பார்த்தேன். கயிறு இலேசாகக் கையோடு வந்தது. முனையில் ஒன்றும் இல்லை, சுத்தமாக வெட்டிய தும்பு மட்டும். சுறாவாக இருக்கவேண்டும். அதற்காகவே பெட்டியில் மேலதிகச் சுழலி வைத்திருப்போம். உங்களிடம் இருப்பது ஒன்றே ஒன்று. வான் வாசலுக்கு, அதாவது கற்பாருக்கு இடையில் போட் நுழையும் வழிக்கு, வருமுன்னமே எடுத்துவிடுங்கள். வேகம் குறைந்ததும் அது கீழே இறங்கிப் பாரில் கொழுவும். சாதாழை சுற்றினாலும் சொப்பின் பை சுற்றினாலும் முள் மந்தமாகும், இடைக்கிடை திரும்பிப் பாருங்கள்.

நம்பலாமா என்று கேட்டீர்கள். சற்றலைற் வருமுன் சோளக (தென்மேற்குக் காற்று) காலத்தில் மூன்று நாள் சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை என்று மூடிக்கிடந்தால், எங்களிடம் இருந்தது திசைகாட்டியும் நேரமும் இந்த முள்ளும்தான். மூன்றையும் வைத்து வரைபடத்தில் கோடு போட்டுத்தான் கரையைத் தேடினோம்.

இன்னொன்று. போனும் லொக்கும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. போன் சொல்வது நிலத்தின்மேல் எவ்வளவு நகர்ந்தீர்கள் என்பது. லொக் சொல்வது தண்ணீருக்குள் எவ்வளவு ஓடினீர்கள் என்பது. தண்ணீரே நகர்ந்தால்? அன்றைக்கு நீரோட்டம் கிழக்கே போயிருந்தால், உங்கள் 5.1 இல் ஒரு பங்கு கடல் தூக்கிக்கொண்டு போனது. அதனால் கயிற்றை மாற்றிவிட்டு ஒரே நாளில் போயும் வந்தும் அளந்து எழுதுங்கள்.

---

குளிர்நாட்டான் எழுதியது:

லண்டனில் இருந்து. சுக்கானி ஐயா சொன்ன பிறகு கயிற்றைப் பற்றி நான் சொல்ல ஒன்றும் இல்லை.

வோக்கர் என்பது பேர்மிங்காமில் இருந்த கம்பனி. இந்த வகை லொக்கை முதலில் பாவனைக்குக் கொண்டுவந்தவர் எட்வேர்ட் மாசி, 1802 இல் காப்புரிமை எடுத்தார். தோமஸ் வோக்கர் அவருடைய உறவுக்காரர். 1861 இல் வோக்கர் செய்ததிலும் மாசியின் லொக்கிலும் எண்முகம், அதாவது இலக்கம் காட்டும் மணிக்கூட்டு முகம், தண்ணீருக்குள்ளேயே இழுபட்டது. எவ்வளவு ஓடினோம் என்று பார்க்க முழுவதையும் மேலே இழுக்கவேண்டும், பார்த்துவிட்டுப் பழையபடி விடவேண்டும். 1878 அளவில் எண்முகத்தைக் கப்பலின் பின்கம்பியில் பூட்டி, சுழலியை மட்டும் தண்ணீரில் விட்டார்கள். உங்கள் அப்புவின் எக்செல்சியர் அந்த வழியில் வந்தது, சிறிய கப்பலுக்கும் பாய்ப்படகுக்கும் ஏற்ற அளவு.

இங்கே பழைய சாமான் கடைகளிலும் ஈபேயிலும் வரும். வாங்குவதானால் மணிக்கூட்டைவிடச் சுழலியைப் பாருங்கோ. அலங்காரத்துக்கு என்று மினுக்கி விற்பார்கள், சிறகு ஒன்று நசுங்கியிருக்கும். சிறகின் கோணம் மாறினால் கணக்கு மாறும். நான் ஒன்று வாங்கினேன், இப்போது வரவேற்பறையில் தொங்குகிறது. மனைவி அதில் சாவிக்கொத்தைக் கொழுவுகிறா.

---

ஊறணிக்காற்று எழுதியது:

சுக்கானி ஐயா, கோடி நன்றி. இரண்டு கிழமையாகப் பதில் எழுதாததற்கு மன்னிக்கவேண்டும், வேலையில் இருந்தேன்.

எண்ணெயைக் கழுவினேன். மண்ணெண்ணெயோடு முதலில் வந்தது பழுப்பு நிறத்தில் பாணி மாதிரி ஒன்று. அதில் பாதி அப்பு காலத்தது, மற்றது நான் விட்டது. நாலாம் தரம்தான் தெளிந்தது. இப்போது அச்சை விரலால் தட்டினாலே சுற்றுகிறது.

பின்னல் கயிறு தேடி நாலு கடை ஏறி இறங்கினேன். எல்லாரும் முறுக்குக் கயிற்றையே நீட்டினார்கள். கடைசியில் ஒரு கடைக்காரர், பள்ளிக்கூடக் கொடிக்கம்பத்துக்கு வாங்குவார்களே, அதுவா தம்பி என்றார். அதேதான்! வெள்ளைப் பின்னல், இறுக்கமானது. பத்துப் பாகம் வாங்கிக் கட்டினேன்.

ஞாயிறு காலை, சோளகம் கரையில் இருந்து வெளியே அடித்தது. அதனால் கிழக்கே ஓடினாலும் மேற்கே ஓடினாலும் பக்கக் காற்றுத்தான். எங்கள் ஊறணிக் கரைக்கு நேர் வெளியே போனில் ஒரு புள்ளி, அங்கிருந்து கிழக்கே சரியாக 2 கடல்மைலில் மற்றப் புள்ளி. போகும்போது 24 நிமிடம், லொக் 1.60. திரும்பி வரும்போது 35 நிமிடம் 20 செக்கன், லொக் 2.35. சின்ன முள் இரண்டு கோட்டுக்கு நடுவில் நின்றதால் கடைசி இலக்கம் கண் மட்டு.

கூட்டிப் பாருங்கோ: லொக் 3.95, போன் 4.00! நூறு வயதாகப் போகிற சாமான், ஒன்றேகால் வீதம்தான் பிழை. கரைக்கு வந்து அம்மாவுக்குச் சொன்னேன். அப்புவை என்ன என்று நினைத்தாய் என்றா.

கயிறும் ஐயா சொன்ன மாதிரியே எடுத்தேன். மூச்சுக் காட்டவில்லை, படுத்துக் கிடந்தது.

---

புலோலிக் கணக்கு எழுதியது:

தம்பியின் சந்தோசத்தைக் கெடுக்க விருப்பம் இல்லை, ஆனால் முப்பது வருடம் கணக்குப் படிப்பித்த கை சும்மா இருக்கமாட்டேன் என்கிறது. நீங்கள் கூட்டக்கூடாததைக் கூட்டிவிட்டீர்கள்.

கிழக்கே 2 மைலை 24 நிமிடத்தில் ஓடினீர்கள், அது 5.0 நொட். மேற்கே 35 நிமிடம் 20 செக்கன், அது 3.4 நொட். காற்று ஒன்றுதான், பாய் ஒன்றுதான். வித்தியாசத்துக்குக் காரணம் நீரோட்டம். ஒரு பக்கம் அது கூட்டியது, மற்றப் பக்கம் அதே அளவு குறைத்தது. ஆகவே வேகங்களின் சராசரிதான் தண்ணீரில் உங்கள் வேகம்: 4.2 நொட். நீரோட்டம் 0.8 நொட், கிழக்கே.

இப்போது தண்ணீருக்குள் ஓடிய தூரம். போகும்போது 4.2 நொட்டில் 24 நிமிடம், அது 1.68 மைல். வரும்போது அதே வேகத்தில் 35 நிமிடம் 20 செக்கன், அது 2.47. மொத்தம் 4.15. லொக் காட்டவேண்டியது 4.15, காட்டியது 3.95. குறைவு ஐந்து வீதம் அளவில். ஒன்றேகால் இல்லை.

4.00 ஏன் 4.15 ஆனது? எதிர்நீரில் அதிக நேரம் நின்றீர்கள், அந்த நேரம் முழுவதும் தண்ணீரைக் கிழித்துக்கொண்டுதான் இருந்தீர்கள். யாழ்தேவிக்குள் பெட்டிக்குப் பெட்டி நடக்கிறவனின் காலடியை எண்ணிக் கொழும்பு எவ்வளவு தூரம் என்று சொல்லமுடியாது. லொக் எண்ணுவது காலடியை.

இரண்டு பக்கமும் போட்டின் வேகம் ஒன்றாக இருந்தது என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்கலாம். லொக்கே சாட்சி. 1.60 மைல் 24 நிமிடத்தில் 4.0 நொட், 2.35 மைல் 35 நிமிடம் 20 செக்கனில் அதுவும் 4.0 நொட்டுக்கு மயிரிழை குறைவு. குறைத்துச் சொன்னாலும் இரண்டு தரமும் ஒரே மாதிரிச் சொல்லியிருக்கிறது. எனக்கு அதுதான் பெரிய விசயம்.

கணக்கு என்று வந்ததால் இன்னும் ஒன்று. இந்த மணிக்கூடுகளுக்கு முன்னம் ஒரு பலகைத் துண்டைக் கயிற்றில் கட்டிப் பின்னால் போட்டு, 28 செக்கன் மணல் ஓடி முடியுமுன் கயிற்றில் எத்தனை முடிச்சுக் கையை விட்டுப் போனது என்று எண்ணினார்கள். முடிச்சுக்கு முடிச்சு 47 அடி 3 அங்குலம். நொட் என்ற சொல்லே அந்த முடிச்சுத்தான். அதைவிடச் சுலபமான வழி, அணியத்தில் (முன்பக்கத்தில்) நிற்பவன் ஒரு மரத்துண்டைப் போட, அது பின்பக்கத்தைக் கடக்க எத்தனை செக்கன் என்று எண்ணுவது. நீளத்தை அடியில் எடுத்துச் செக்கனால் பிரித்து 0.59 ஆல் பெருக்கினால் நொட் வரும்.

உங்கள் ஊர் அன்னபூரணியை எடுங்கள். வல்வெட்டித்துறையில் கட்டி, வில்லியம் அல்பேர்ட் ரொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கி, நம்மவர்களே ஓட்டிக்கொண்டுபோய் 1938 இல் மசாசூசெட்ஸ் குளோஸ்டரில் சேர்த்த கப்பல். 89 அடி நீளம். துண்டு கடக்கப் பத்துச் செக்கன் என்றால் 5.3 நொட். அரைச் செக்கன் பிழைத்தாலும் பெரிதாக ஒன்றும் வராது. உங்கள் 18 அடிப் போட்டில் மூன்று செக்கன் என்றால் 3.5 நொட், இரண்டரைச் செக்கன் என்றால் 4.3. கண் இமைத்தால் கணக்குப் போச்சு. சின்னப் போட்டுக்குத்தான் இழுக்கிற லொக் கூடுதலாகத் தேவை என்பேன்.

---

பழைய சுக்கானி எழுதியது:

வாத்தியார் சொன்னது சரி. நானே எழுத இருந்தேன், அவர் என்னைவிட வடிவாக எழுதிவிட்டார்.

ஊறணித் தம்பி, ஐந்து வீதம் என்றதும் குறடு எடுத்துச் சிறகை வளைத்துச் சரிப்பண்ணப் போகாதீர்கள். வளைத்தவர்களைக் கண்டிருக்கிறேன். ஒரு சிறகை வளைத்தால் மற்ற மூன்றோடும் ஒத்துவராது, சுழலி நடுங்கி ஓடும், ஒரு நாளைக்கு ஒரு கணக்குச் சொல்லும். நாங்கள் செய்தது, ஒரு அட்டையில் "நூற்றுக்கு ஐந்து கூட்டு" என்று எழுதிப் பெட்டி மூடியில் ஒட்டுவது. எப்போதும் ஒரே அளவு குறைத்துச் சொல்கிற லொக் நல்ல லொக்.

வேண்டுமானால் கயிற்றில் இரண்டு பாகம் கூட்டி இதே ஓட்டத்தை இன்னொருதரம் ஓடிப் பாருங்கள். காற்றுப் பலத்து அலை பின்னால் இருந்து தள்ளுகிற நாளில் அளக்கவேண்டாம், சுழலி அலையோடு முன்னும் பின்னும் இழுபடும்.

கேட்க ஒன்று இருக்கிறது. அப்பு எந்த வருடமளவில் கப்பலில் இருந்தார், பின்தளமா என்ஜின் அறையா? அந்தக் காலத்தில் வல்வெட்டித்துறை ஆட்கள் சிலருடன் நானும் நின்றிருக்கிறேன். பெயரை இங்கே போடவேண்டாம், தனிமடலில் எழுதுங்கள்.

---

மயிலிட்டிப் போட் எழுதியது:

சுழல் வளையக் கதையை வாபஸ் வாங்குகிறேன். சுக்கானி ஐயா மன்னிக்கவேண்டும்.

வாத்தியார் போட்ட 0.8 ஐப் பார்த்துத்தான் திரும்ப எழுதுகிறேன். அந்தச் சனி இரவு நாங்களும் வெளியில் நின்றோம். பத்து மணிக்கு வலை விட்டோம், விடிய ஐந்து மணிக்கு எடுத்தோம். விட்ட இடமும் எடுத்த இடமும் போனில் கிடக்கிறது. இப்போது எடுத்துப் பார்த்தேன், ஏழு மணித்தியாலத்தில் கிழக்கே 5 மைல் போயிருக்கிறது. பிரித்தால் 0.7 வருகிறது. உங்கள் சாமான் ஒரு மணித்தியாலத்தில் கண்டதை நாங்கள் இரவு முழுக்க வலையைப் போட்டுக் கண்டிருக்கிறோம்.

எங்களுக்கு வலை விடுமுன் நீர் எந்தப் பக்கம், எவ்வளவு என்று தெரிந்தால் பெரிய உதவி. இப்போது கைமட்டுத்தான், பிழைத்தால் மற்றவனின் வலைக்கு மேல் போய் விழும், பிறகு விடியச் சண்டை. எங்கள் போட்டில் கட்டினால் ஓடுமா? என்ஜினில் ஆறு ஏழு நொட் ஓடுவோம்.

---

ஊறணிக்காற்று எழுதியது:

ஓடும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் என்ஜின் விசிறி கலக்கிவிடுகிற தண்ணீருக்கு வெளியே சுழலி நிற்கவேண்டும், அதனால் கயிறு கூட வேண்டும். பதினைந்து பாகம் போட்டுப் பார்ப்போம். மிச்சக் கயிற்றுக்கு நாளைக்கே கடைக்குப் போகிறேன்.

வாத்தியார், கூட்டினதற்கு மன்னியுங்கோ. அம்மாவுக்கு இன்னும் சொல்லவில்லை.

சுக்கானி ஐயா, தனிமடல் அனுப்பியிருக்கிறேன். அப்பு பின்தளம்தான்.

---

மயிலிட்டிப் போட் எழுதியது:

சரி. ஞாயிறு ஆறரைக்குப் பிறகு வாருங்கோ, அதற்கு முன்னம் மீன் இறக்குகிற சனம். கட்டையையும் கொண்டுவாருங்கோ, எங்கள் பின்பலகையில் பூட்ட இடம் இல்லை. விடுகிறதும் எடுக்கிறதும் நீங்கள்தான், நான் சுக்கானோடு நிற்கிறேன்.